கடைசி ரவுண்டு சாலமோனுக்கு

1

இந்தக் கதை எனக்கு டயாலிசிஸ் வார்டில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, "இதெல்லாம் எங்கேர்ந்து புடிக்கிறீங்க மேடம்?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஏற்கெனவே வேண்டிய அளவு கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பக்தவச்சலத்துக்கு இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன. செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் வாரத்தில் இரண்டு நாள் அவரை மெஷினில் மாட்டிவிட்டு, நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தபால் நிலையத்தில் வேலை, வீட்டில் சமையல், மிச்ச நேரத்தில் கதை. அந்த வார்டில்தான் நிம்மதியாக எழுத முடிகிறது. அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் ஜாய்ஸ். கை சுத்தம். ஊசி குத்துவது தெரியாது. பேச்சு மட்டும் கொஞ்சம் குத்தும்.

ஒரு நாள் பக்தவச்சலம் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வண்டி நிறுத்துமிடத்தில் நீல நிறத்தில் ஒரு கார். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"எந்த டாக்டருதும்மா அது?"

"என்னுதுண்ணா" என்றாள் ஜாய்ஸ், டியூபைச் சரி பார்த்துக்கொண்டே.

வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். ஜாய்ஸ் சிரிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டி அமுக்கினாள். கீழே வண்டி விளக்கைச் சிமிட்டியது. சிரிப்பு நின்றது. நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த வேறொரு கதை அன்றோடு செத்தது.

2

முதல் தொடக்கம்:

கடல் காற்றில் கூந்தல் அலைபாய, கூரை திறந்த நீல வண்டியில், ஜாய்ஸ் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பறவையைப் போல

நிறுத்திவிட்டேன். என்ன கண்ராவி இது? அவள் கூந்தலை க்ளிப் போட்டு இறுக்கிக் கட்டுகிறவள். யூனிஃபார்மில் போகிறாள். பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து அதற்கு சீட் பெல்ட் போடுகிறாள், வளைவில் ரசம் கொட்டாமல் இருக்க. அவள் தினமும் போவது திருக்கழுக்குன்றம் சாலை. முன்னால் ஜல்லி லாரி, பின்னால் கம்பெனி பஸ், நடுவில் இவள். பறவையாவது ஒன்றாவது.

இரண்டாம் தொடக்கம்:

சாகும்போது அப்பா சாலமோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாள் நீ பெரிய கார்

(இதைப் பக்தவச்சலத்திடம் படித்துக் காட்டினேன். "நல்லா கீற மனுசன ஏண்டி சாவடிக்கிற? போன வாரந்தான் எனக்கு எறா தொக்கு கொண்டாந்து குடுத்தாரு" என்றார். உண்மைதான். சாலமோன் கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறார்.)

மூன்றாம் தொடக்கம்:

வண்டி

இதற்கு மேல் ஓடவில்லை. எனவே தொடக்கமே இல்லாமல் உள்ளே போகிறேன். நீங்களும் வாருங்கள். தலையைக் குனிந்து ஏறுங்கள், கூரை தாழ்வு.

3

(அடிக்குறிப்பாக வர வேண்டியது, ஆனால் நீங்கள் அடிக்குறிப்பு படிக்க மாட்டீர்கள் என்பதால் இங்கேயே வைக்கிறேன்: வண்டி என்ன கம்பெனி, என்ன விலை என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் செய்தது, பல கை மாறியது, ஓட்டுகிறவரோடு சேர்த்து இரண்டு பேர்தான் உட்காரலாம். அவ்வளவு போதும். என் எதிர்வீட்டில் தவணைக்கு வாங்கி நிறுத்தியிருக்கிற புதுப் பெரிய வண்டியைவிட இது விலை கம்மி. அந்த வீட்டுக்காரரிடம் யாரும் "எப்படி வாங்கினே?" என்று கேட்கவில்லை. ஜாய்ஸிடம் கேட்காத ஆளில்லை.)

பத்திரிகை ஆசிரியர் சம்பத்துக்கு இந்தக் கதையின் முதல் வரைவை அனுப்பினேன். மறுநாளே போன் செய்தார். அவர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார், அதுதான் எரிச்சல்.

"நல்லா வந்திருக்கு. ஆனா நம்பகத்தன்மை இடிக்குதே."

"எங்க இடிக்குது?"

"அந்தப் பொண்ணோட பின்னணிக்கு... அவங்க தாத்தா எல்லாம் பண்ணைக்கூலின்னு எழுதறீங்க. அப்பா கல்பாக்கத்துல ஒப்பந்தத் தொழிலாளி. அப்புறம் அவ ஏன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கணும்? ஒரு காரணம் வேணும்ல? ஒரு வலி, ஒரு அவமானம், ஒரு சபதம்..."

"புடிச்சிருந்தது, வாங்கினா."

"அது போதாதுங்க. வாசகன் கேப்பான். ஒண்ணு பண்ணலாமே, ஸ்கூட்டியா மாத்திட்டா இயல்பா இருக்கும்."

ஐயா சம்பத், ஸ்கூட்டியாக மாற்றினால் வேகத்தடையில் அடி இடிக்காது. அடி இடிக்கவில்லை என்றால் கதையே கிடையாது. இதை அவரிடம் சொல்லவில்லை. "யோசிக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டு, அடுப்படியில் போய் இரண்டு பாத்திரத்தை நன்றாகச் சத்தம் வரும்படி கழுவினேன்.

வாசகரே, நீங்கள் கேட்பீர்களா? நிஜமாகவே கேட்பீர்களா? ஒரு டாக்டரின் மகன் இதே வண்டியை வாங்கினால் அவன் பின்னணியை, வலியை, சபதத்தை உங்களுக்கு நான் எழுதித் தர வேண்டியிருக்குமா? அவனுக்குப் பிடித்தது என்றால் பிடித்ததுதான். இவளுக்கு மட்டும் சான்றிதழ் வேண்டும்.

ஜாய்ஸிடம் நானும் ஒருமுறை கேட்டேன், கதைக்காக. அவள் மெஷினைப் பார்த்தபடியே சொன்னாள்: "புடிச்சிச்சிக்கா. சின்ன வயசுல ECR-ல ஒண்ணு போச்சி, பாத்தேன். அதுக்கப்புறம் வேற எந்தக் காரும் எனக்குக் காராவே தெரில."

4

வாங்கியது முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு பழைய கார் கடையில். விற்றவர் பெயர் சுதாகர். நல்ல மனிதர்தான், ஆனால் முதல் நாள் முழுக்க அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடிக்கொண்டிருந்தாராம். வாங்குகிறவர் வருவார் என்று.

"சார் எப்ப வர்றாருங்க?"

"எந்த சார்?"

"இல்ல மேடம், வண்டி பாக்கறவரு..."

"நாந்தான் பாத்துகினு கீறேனே, கண்ணு தெரில?"

அவள் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். வண்டியை ஒரு ராத்திரி நின்ற இடத்திலேயே விடச் சொல்லி, அடியில் அட்டை ஒன்றைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். காலையில் போய் அட்டையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். "எங்க மெஷினுக்குப் பாக்கறதுதாங்க்கா. லீக் கீதா, பிரஷர் நிக்குதா, சூடு ஏறுதா. அவ்ளோதான்." சூடு மட்டும் ஏறியது. ஓடும்போது ஒன்றுமில்லை, நின்ற இடத்தில் ரொம்ப நேரம் ஓடினால் முள் ஏறும். அதைச் சொல்லியே விலையைக் குறைத்தாள்.

தினப்படி வண்டியாக அது லேசுப்பட்டதல்ல. மழை பெய்தால் கூரையின் இடது மூலையில் ஒழுகும். அங்கே ஒரு பழைய துண்டு வைத்திருக்கிறாள். க்ளட்ச் அழுத்தி அழுத்தி இடது முழங்கால் வலிக்கிறது. புடவை கட்டிக்கொண்டு இறங்கவே முடியாது. ஒரு கண்ணாடி உடைந்தால் சென்னை முழுக்கத் தேட வேண்டும். ரோட்டில் மாடு படுத்திருந்தால் மாட்டின் கண்ணும் இவள் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும். "மாடு என்னப் பாத்து 'இன்னாடி'ன்னு கேக்கறா மாரியே இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இவ்வளவையும் குறையாகச் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். குழந்தையின் சேட்டையைச் சொல்கிற மாதிரிதான் சொல்வாள்.

கடற்கரைச் சாலையில் சோதனைக்கு நிற்கிற காவலர்கள் முதல் மாதம் தவறாமல் நிறுத்தினார்கள். பேப்பர் எல்லாம் சரி. சரியாக இருந்ததில் அவர்களுக்கு ஏமாற்றம். "ஓனர் யாரு?" என்று கேட்பார்கள். ஆர்.சி.யில் போட்டிருக்கிற பெயரையும் லைசென்சில் இருக்கிற பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி "ஓனர் யாரு?" என்பார்கள்.

(இந்தப் பத்தியை நீட்டலாம். நீட்டினால் கோபத்தில் எனக்கு எழுத்து கோணுகிறது. விடுகிறேன்.)

5

இனிமேல்தான் கதை. இதுவரை வண்டியை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜாய்ஸின் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எங்கோ. பெயரை எழுத மாட்டேன். எழுதினால், "ஓ, அந்த ஊரா, அங்கே அப்படித்தான்" என்று நிம்மதியாகிவிடுவீர்கள். ஊர்த்தெரு முதலில். அதைத் தாண்டினால் காலனி. காலனிக்குப் போக வேறு வழி கிடையாது, வயல் வரப்பைத் தவிர. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? இந்தத் தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் வேண்டியிருக்காது.

காலனியில் ஒரு வழக்கம். யார் வண்டி வாங்கினாலும், பழசோ புதுசோ, மொபெட்டோ டிராக்டரோ, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நிறுத்துவார்கள். பாஸ்டர் வண்டியின் மேல் கை வைத்து ஜெபிப்பார். (டயருக்கு அடியில் யாராவது எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். பாஸ்டர் அந்த நேரம் கண்ணை மூடியிருப்பார்.) அப்புறம் தெருவுக்கு ஒரு ரவுண்டு. எல்லா வீட்டு ஆளையும் ஏற்றிக்கொண்டு கடற்கரை வரைக்கும் போய், ஒரு கை கடல் தண்ணீரை டயரில் தெளித்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு வீடு ஏறாமல் போனாலும் வண்டிக்கு நல்லதில்லை. மினிலாரி வாங்கியவன் ஒரே நடையில் மொத்தத் தெருவையும் கொண்டுபோய்விட்டு வந்தான். ஆட்டோ வாங்கியவனுக்கு ஒரு மதியம் ஆனது.

ஜாய்ஸின் வண்டியில் ஒரே ஒரு ஆள்தான் கூட உட்காரலாம்.

தெருவில் பஞ்சாயத்து. பாஸ்டர் ஒருவர் மட்டும் போய் வந்தால் போதும், எல்லார் சார்பிலும் என்றார்கள் சிலர். "அப்ப பிரியாணியும் அவரே எல்லார் சார்புலயும் துன்னட்டும்" என்று யாரோ கத்தினார்கள். ஜாய்ஸின் அம்மா செங்கம்மாள்தான் முடித்துவைத்தாள்.

"ஒரு ரவுண்டுன்னா ஒரு ரவுண்டுதான். தெனம் ஒருத்தரா போனா இன்னா, ரோடு தேஞ்சா பூடும்? தெருக்கோடி வூட்லேர்ந்து ஆரம்பிங்க. எங்க வூடு கடைசியா வரட்டும். நம்ம வூட்டு விசேஷத்துல நம்ம கடைசி பந்தியிலதான் ஒக்காரணும்."

அதனால் வண்டிக்காரியின் அப்பா சாலமோன் எல்லாருக்கும் பின்னால் என்று முடிவானது. செங்கம்மாள் தன் முறையையும் அவருக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விருந்து வைக்கிறவன் கடைசியில் சாப்பிட வேண்டும் என்கிற அந்த மரியாதையில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது. முதல் நாளே சாலமோன் உட்கார்ந்து போயிருந்தால் இந்தக் கதை சிரிப்போடு முடிந்திருக்கும்.

6

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்ததும் ஜாய்ஸ் கூரையைத் திறப்பாள். அன்றைக்கு யார் முறையோ அவர்கள் குளித்து, நல்ல சட்டை போட்டு, பவுடர் அடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். வண்டி ஊர்த்தெரு வழியாக மெல்லப் போகும். ஜாய்ஸ் அங்கே ஹாரன்கூட அடித்ததில்லை. திரும்பி வரும்போது அவர்கள் தலையெல்லாம் கலைந்து, வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

தினம் ஒரு ஆள். தினம் ஒரு புது முகம்.

எனக்குத் தாங்காத விஷயம் இதுதான். அந்த வண்டியில் உட்கார்ந்தால் தரையிலிருந்து ஒரு முழம்தான் உயரம். ஊர்த்தெருவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருமே இவர்களைவிட உயரத்தில்தான் இருந்தார்கள். அந்த உயரம் அவர்களுக்குப் போதவில்லை.

ஜெகதீசன் ஊர்த்தெருவின் நடுவீடு. பஞ்சாயத்துத் தலைவராக இருந்து ஓய்ந்தவர். அவர் தெருக்காரர்கள் இன்னமும் "தலைவரே" என்பார்கள். ஒரு சாயங்காலம் கை காட்டி வண்டியை நிறுத்தினார்.

"இன்னாம்மா, டெய்லி ஊர்கோலம்?"

"ஊர்கோலம் இல்ல சார். ரவுண்டு."

"எத்தினி நாளிக்கு இந்த ரவுண்டு?"

"தெரு முடியற வரிக்கும் சார்."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நல்லா இரும்மா என்றுகூடச் சொன்னார். அடுத்த வாரம் ஜாய்ஸ் டியூட்டிக்குக் கிளம்பியபோது ஜெகதீசன் வீட்டு வாசலுக்கு நேராக, சிமெண்டும் ஜல்லியும் குவித்து, ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மேடு. சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், கெட்டியாகட்டும் என்று.

வேகத்தடையாம். "பசங்க வெளாட்ற எடம்மா, சேஃப்டி" என்றார். அந்தத் தெருவில் விளையாடுகிற வயதில் ஒரு பிள்ளையும் கிடையாது. ஜெகதீசனின் பேரப்பிள்ளைகள் கனடாவில் விளையாடுகிறார்கள்.

லாரி ஏறி இறங்கும். பால் வண்டி குதித்துப் போகும். ஸ்கூட்டி (சம்பத் கவனிக்க) ஒரு குலுக்கலோடு தாண்டிவிடும். அந்த ஊரிலேயே அந்த மேட்டில் அடி இடிக்கிற வண்டி ஒன்றுதான். ஜாய்ஸ் தனியாகப் போனால், குறுக்காக வளைத்து, ஒவ்வொரு டயராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றி இறக்கிவிடுவாள். பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் வண்டி இன்னும் தாழும். எஞ்சினுக்குக் கீழே இருக்கிற எண்ணெய்த் தொட்டி உரசும். பலமாக இடித்தால் உடைந்து எண்ணெயெல்லாம் கொட்டி, எஞ்சினே போய்விடும். புதுசு வாங்க எங்கும் கிடைக்காது.

புகார் கொடுத்தாள். பஞ்சாயத்தில் "நாங்க போடல" என்றார்கள். நீங்கள் போடவில்லை என்றால் எடுக்க வேண்டியதுதானே என்று கேட்டாள். "நாங்க போடாதத நாங்க எப்பிடிம்மா எடுக்கறது?" ஆன்லைனிலும் பதிந்தாள். சில நாளில் குறுஞ்செய்தி வந்தது: தங்கள் குறை தீர்க்கப்பட்டது. மேடு அங்கேயேதான் இருந்தது. குறை மட்டும் தீர்ந்துவிட்டது.

7

ரவுண்டு நிற்கவில்லை. மேடு வந்தால் பக்கத்தில் இருப்பவர் இறங்கிக்கொள்வார், ஜாய்ஸ் வண்டியை ஏற்றி இறக்குவாள், அவர் நடந்து வந்து மறுபடி ஏறிக்கொள்வார். முதலில் எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை. ஜெகதீசன் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தலையைத் தூக்க மாட்டார்.

அப்புறம் வேண்டாவின் முறை வந்தது.

வேண்டா சர்ச்சுக்குப் பக்கத்து வீடு. நாலாவது பெண்ணாகப் பிறந்ததற்கு வைத்த பெயர், அதை மாற்றிக்கொள்ள அவள் சம்மதிக்கவில்லை. இறால் கம்பெனியில் தோல் உரித்து, மகனைப் படிக்கவைத்து, வாய்ச் சண்டையில் தெருவையே ஜெயித்தவள். அன்று புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறினாள். மேடு வந்தது. இறங்கினாள்.

ஜாய்ஸ் வண்டியை அந்தப் பக்கம் இறக்கிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். வேண்டா நடந்து வந்துகொண்டிருந்தாள். செருப்பு இரண்டும் கையில்.

"ஏன்க்கா செருப்பக் கழட்டுன?"

வேண்டா தன் கையைப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"தெரிலடி" என்றாள். "எறங்குனேன். இந்த எடத்துல எறங்குனதும் கை தன்னால காலுக்குப் பூட்ச்சி."

அன்று அந்த வாய்க்காரி கடல் தண்ணீரைத் தெளித்துவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதாளாம். "நான் கழட்லடி, சத்தியமா நான் கழட்ல" என்று சொல்லிக்கொண்டே.

இதை ஜாய்ஸ் எனக்குச் சொன்னபோது பக்தவச்சலம் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம். "நாசமாப் போறவனுங்க" என்றார். அவர் இந்த மாதிரிப் பேசி நான் கேட்டதில்லை.

8

சாலமோனை நான் ஒருமுறைதான் நேரில் பார்த்தேன். எறா தொக்கு கொடுக்க வந்திருந்தார். தினம் காலையில் மகள் எழுவதற்குள் வண்டியைத் துடைத்துவிடுவாராம். உள்ளே உட்கார்ந்து மட்டும் பார்த்ததில்லை. தன் முறை வரட்டும் என்று.

வேண்டா விஷயம் கேட்ட அன்று அவர் சாப்பிடவில்லை. பிறகு ஜாய்ஸிடம் சொல்லியிருக்கிறார். அவர் கல்பாக்கம் வேலைக்குப் போக வாங்கியதும் பழைய வண்டிதான், பழைய சைக்கிள்.

"அதே எடம் தாம்மா. ஜெகதீசன் அப்பன் ஒக்காந்து கீறப்ப நாங்க சைக்கிள்ல போவக்கூடாது. அவன் வூட்டுக்கு முன்னாடி எறங்கணும், கோயில் தாண்டி ஏறணும். தள்ளிகினே போவேன். ஷிப்டுக்கு லேட்டாவும். எம்மாம் நாளு! ஒரு நாள் அப்பன் செத்தான், எறங்கறது நின்னுது. யாரும் நிறுத்தல. தன்னால நின்னுது. நின்னுச்சின்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

"உன் முறைக்கு வேற எப்டியாச்சும் போலாம்ப்பா. வண்டிய மேட்டத் தாண்டி நிறுத்தி வெக்கிறேன், நீ வரப்பு வழியா வந்துடு."

"வரப்புலயா? ஏன், நான் இன்னா திருடனா?"

"அப்ப எறங்காத. ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவட்டும், இடிச்சிகினே போறேன்."

"வண்டிய ஒடைக்க வுட மாட்டேன். நான் தொடைக்கற வண்டி அது. எறங்கவும் மாட்டேன்."

"எறங்கவும் மாட்ட, இடிக்கவும் கூடாது. அப்பறம் இன்னாதாம்ப்பா பண்றது?"

"ஒக்காந்துகினே இருப்பேன்" என்றாராம் சாலமோன். "போட்டவங்க வந்து எடுக்கட்டும்."

நாளை ஞாயிறு. நேற்று செங்கம்மாள் போய் வந்துவிட்டாள். (அவள் இறங்கினாள். செருப்பைக் கழற்றவில்லை. வேண்டுமென்றே தேய்த்துத் தேய்த்து நடந்தாளாம், சத்தம் கேட்கட்டும் என்று.) மீதி இருப்பது ஒரே ஒரு ஆள்.

9

ஆக, எனக்கு முடிவு தெரியாது. தெரியாத முடிவை எழுதுவதுதான் உன் வேலை என்பீர்கள். முயன்றேன். இதோ, கிழித்துப் போட்டவை:

அ) கூட்டம் கூடுகிறது. யாரோ ஒரு கல்லை எடுக்க, வண்டியின் கண்ணாடி

(சம்பத்துக்கு இது பிடிக்கும். "கனமா இருக்கு" என்பார். ஜாய்ஸ் சென்னை முழுக்க அலைந்து தேடிப் போட்ட கண்ணாடியை உங்கள் கனத்துக்காக நான் உடைக்க மாட்டேன்.)

ஆ) சாலமோனின் கண்களைப் பார்த்த ஜெகதீசனின் மனம் இளகியது. அவர் எழுந்து வந்து

(வரமாட்டார். அவருக்கு மனம் இருக்கிறதா என்பதல்ல பிரச்சினை. மனம் இளகினால் எடுக்கிற மேடு, மனம் இறுகினால் மறுபடி வரும்.)

இ) ஜாய்ஸ் வண்டியை விற்றுவிட்டு

(இதை எழுதிய பக்கத்தை நான் கிழிக்கவில்லை. பக்தவச்சலம் பிடுங்கிக் கிழித்தார், ஊசி குத்தியிருந்த கையோடு. மெஷின் கீகீயென்று கத்தியது. ஜாய்ஸ் ஓடி வந்து அவரைத் திட்டினாள். எதற்குக் கிழித்தார் என்று நாங்கள் சொல்லவில்லை.)

ஈ) மறுநாள் காலை மேடு அங்கே இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சுலபம்! ஐந்து வார்த்தை. நான் எழுத்தாளர், என்னால் முடியும். ஆனால் நான் எடுத்துவிட்டால் நீங்கள் பெருமூச்சு விட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். நான் போட்ட மேடு இல்லையே அது. நான் எதற்கு எடுக்க வேண்டும்?

பாருங்கள், எனக்கும் பஞ்சாயத்து ஆபீஸ் பேச்சு வந்துவிட்டது. கோபத்தில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

10

ஞாயிறு. ஆராதனை முடிந்துவிட்டது. சாலமோன் வெள்ளைச் சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம். தலையைக் குனிந்து ஏறி உட்கார்ந்து, மகள் சொல்வதற்கு முன்பே சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். ஜாய்ஸ் கூரையைத் திறந்தாள். காலனியிலிருந்து ஒருவரும் கூட வரவில்லை. வரக்கூடாது என்று சாலமோன் சொல்லிவிட்டார். இது கூட்டமாகச் செய்கிற காரியமில்லை, இது என் ரவுண்டு என்றாராம்.

வண்டி ஊர்த்தெருவில் மெல்ல வந்தது. மேட்டுக்கு முன்னால் நின்றது.

ஜெகதீசன் பேப்பரை மடித்தார். இன்றைக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எறங்குப்பா சாலமோனு, வண்டி இடிக்கும்" என்றார், அக்கறையாகத்தான்.

சாலமோன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாலமோன்

சாலமோன் இற

இல்லை. அந்த வாக்கியத்தை நான் எழுத மாட்டேன். யார் கேட்டாலும் எழுத மாட்டேன். இந்தக் கதை அச்சாகாமல் போனாலும் சரி. அவர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறவர் தன் கையாலேயே எழுதிக்கொள்ளட்டும், கீழே கையெழுத்தும் போடட்டும்.

நின்ற இடத்தில் சூடேறுகிற வண்டி அது. அதனால் ஜாய்ஸ் எஞ்சினை அணைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டாள். சாப்பாட்டுப் பை பின்னால் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் இருக்கிறது. அப்பாவுக்கும் மகளுக்கும் அவசரமில்லை. பின்னால் பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

அந்தத் தெருவில் ஜெகதீசன் வீடு மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் வீடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஜன்னல் இருக்கிறது, ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஆள் நிற்கிறது. சிமெண்ட் கலக்கிய அன்று சத்தம் கேட்டும் அவர்கள் வெளியே வரவில்லை. மூன்றாவது வீட்டு ஜன்னலில் நிற்பது நீங்கள். இவ்வளவு நேரம் அங்கே நின்றுதான் இதையெல்லாம் படித்தீர்கள்.

உங்கள் வீட்டுக் கடப்பாரை கொல்லைப்புறத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறது.